கந்தக டை ஆக்சைடு: மூலத்தைக் கண்டறிதலும் ஆஸ்துமா நோயாளிகளும்

நிலக்கரி அனல் மின் நிலையங்கள் வெளியிடும் கந்தக டை ஆக்சைடுக்கு 2015-இல் வரம்பு விதிக்கப்பட்டது. புகைவாயுவிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவியைப் பொருத்தும் கடப்பாட்டிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் விலக்கு அளித்தது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 10 கிலோமீட்டருக்குள் உள்ளவற்றுக்கு 2027 டிசம்பர் வரை அவகாசம் உண்டு. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் இவ்வாயுவின் அளவு வரம்புக்குள் உள்ளது என்பன இதற்குக் கூறப்பட்ட காரணங்கள்.

சராசரியைப் பொறுத்தவரை இது சரியே. ஆனால் ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழல் சராசரியைச் சுவாசிப்பதில்லை; செறிவு திடீரென உயர்ந்தால் சில நிமிடங்களிலேயே சுருங்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 10 நிமிடங்களுக்கென ஒரு கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராம் என்று வரையறுத்துள்ளது. இந்தியத் தரநிலையில் 24 மணி நேரத்துக்கு 80, ஆண்டுக்கு 50 என்னும் அளவுகளே உள்ளன.

எனவே மூலத்தைத் தேடுவோர் உச்சம் தோன்றிய நேரத்தைப் பிடித்துக்கொள்கின்றனர். அப்போது காற்று வீசிய திசை, புகைபோக்கியில் பொருத்திய தொடர் கண்காணிப்புக் கருவியின் பதிவு ஆகியன ஒப்பிடப்படும். 2020 ஏப்ரல் முதல் டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், வாகனங்கள் மீதான ஐயம் பெரிதும் நீங்கிவிட்டது. நிலக்கரி, உலை எண்ணெய், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, தாமிர உருக்கு ஆகியவையே எஞ்சுகின்றன.

தூத்துக்குடியில் 2013 மார்ச் 23 காலை மக்களுக்குக் கண் எரிச்சலும் தொண்டை எரிச்சலும் ஏற்பட்டன. ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் புகைபோக்கிக் கருவி அன்று உயர்ந்த அளவைக் காட்டியது. கருவியைச் சரிபார்த்ததால் வந்த அளவு அது என்றது ஆலை. மாசு கட்டுப்பாட்டு வாரியம் 29-ஆம் தேதி ஆலையை மூட ஆணையிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயமோ மே இறுதியில் மீண்டும் இயங்க அனுமதித்தது. ஒரே பதிவை இரு தரப்பும் இருவிதமாகப் படித்தன. மக்களின் உடல்நலக் குறைகள் மணி வாரியாக மருத்துவப் பதிவேட்டில் இருப்பது இத்தகைய வழக்குகளில் எவ்வளவு தேவை என்பது இதிலிருந்து புலப்படும்.

பாப்பாரப்பட்டிக்குத் தென்மேற்கே உள்ள பெரிய மூலம் 1,440 மெகாவாட் மேட்டூர் அனல் மின் நிலையம். தென்மேற்குப் பருவக்காற்று அத்திசையிலிருந்தே வீசுகிறது. எனினும் அத்தொலைவுக்குள் வாயு பரவி நீர்த்துவிடும். ஒரு பகுதி சல்பேட் நுண்துகளாக மாறும். ஆகவே ஊரில் வரும் ஒவ்வொரு இருமலுக்கும் அதைக் காரணமாக்க இயலாது. விறகுப் புகை, குப்பை எரிப்பு, தீபாவளிப் பட்டாசு ஆகியவற்றை முதலில் கருதுக. பட்டாசு மருந்திலும் கந்தகம் உண்டு.

மூச்சிறைப்பு வந்த தேதி, மணி, காற்றின் திசை, அருகில் எரிந்த பொருள், உறிஞ்சு மருந்து எத்தனை முறை தேவைப்பட்டது ஆகியவற்றைப் பராமரிப்பாளர் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். நெடி உணரப்படும் வேளையில் ஓட்டமும் கடும் உழைப்பும் கூடாது. வாயால் மூச்சு விடும்போது வாயு மூக்கில் தங்காமல் மூச்சுக்குழலை எட்டுகிறது. உறிஞ்சு மருந்துக்குப் பின்னும் இறைப்பு தணியாவிடில், அல்லது உதடு நீலம் பாய்ந்தால், உடனே 108-ஐ அழைக்கவும்.