விசைக்கு எழுவாய் எங்கே?

‘இயற்பியல் வராத பிள்ளை’ என்னும் தீர்ப்பை நம் வகுப்பறைகள் மிக எளிதாக எழுதிவிடுகின்றன. அத்தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடு இது. விசை, இயக்கம் பற்றிய தொடக்கநிலைக் கணக்குகளில் தடுமாறும் மாணவர் பலர் கணிதத்தில் தோற்பதில்லை. வாக்கியத்தை வாசிப்பதில் தோற்கின்றனர். வாசிக்கக் கற்பிக்காத குற்றம் நம்முடையது.

ஹைதராபாத்தில் நுழைவுத்தேர்வுக்குப் பயிலும் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கணக்கைக் கொண்டுவந்தார். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் மின்தூக்கியில் நிற்கிறார். மேலே செல்லும் மின்தூக்கியின் வேகம் ஒவ்வொரு நொடியும் 2 மீ/வி குறைகிறது. தரை அவர்மீது செலுத்தும் விசை எவ்வளவு? தயங்காமல் 720 நியூட்டன் என்றார். ‘மேலே சென்றால் கூட்டு, கீழே சென்றால் கழி’ என்று அவருடைய குறிப்பேட்டில் கட்டமிட்டு எழுதப்பட்டிருந்தது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² எனக் கொண்டால் விடை 480 நியூட்டன். மின்தூக்கி செல்வது மேலே. வேகம் குறைவதால் முடுக்கமோ கீழ்நோக்கியது. நியூட்டனின் இரண்டாம் விதி கேட்பது முடுக்கத்தின் திசையையே அன்றி, செல்லும் திசையை அன்று. அம்மாணவரின் பெருக்கலில் பிழையில்லை. பிழை அந்தக் கட்டத்துக்குள் இருந்தது.

மூன்றாம் விதியின் கதி இன்னும் மோசம். ‘ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு’ என்று மனப்பாடம் செய்விக்கிறோம். வினை என்றதும் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று கேட்பது மொழியியல் மாணவனின் வழக்கம். அவ்விரண்டையும் விழுங்கிவிட்ட வாக்கியம் இது. ஆகவேதான் மேசைமேல் கிடக்கும் புத்தகத்தின் எடைக்கு மேசை தரும் செங்குத்து விசையே எதிர்வினை என்று கல்லூரி மாணவரும் எழுதுகின்றனர். அவ்விரு விசைகளும் புத்தகத்தின்மீதே செயற்படுகின்றன, இணை ஆகா. புவி புத்தகத்தை ஈர்க்கிறது என்றால், புத்தகம் புவியை ஈர்ப்பதே அதன் இணை. ‘எது, எதன்மீது?’ என்று கேட்கப் பழகியவர் இதில் தவற வாய்ப்பே இல்லை.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1992இல் டேவிட் ஹெஸ்டனஸும் அவர்தம் குழுவினரும் கணக்கீடே வேண்டாத வினாக்களால் ஒரு சோதனையை வெளியிட்டனர். சூத்திரக் கணக்குகளில் தேறியவர்களே அதில் இடறினர். அத்தகைய வினாக்களை எரிக் மஸூர் ஹார்வர்டில் தந்தபோது, நீங்கள் கற்பித்தபடி விடையளிப்பதா, நான் எண்ணுகிறபடி விடையளிப்பதா என்று ஒரு மாணவர் வினவினாராம். அவ்வினா மாணவரின் அறியாமையைக் காட்டவில்லை. கற்பித்தல் எங்கே நின்றுபோயிற்று என்பதைக் காட்டுகிறது.

மூன்று மணி நேரத்தில் 75 வினாக்கள்; படம் வரைய நேரமேது என்பர் பயிற்சியாளர். தனித்த பொருளின் விசைப்படம் அரை நிமிட வேலை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வில், வரையாமல் விடுவதே வீண்செலவு.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடை எண்ணுக்கு மட்டும் மதிப்பெண் வழங்காதீர்கள். ஒவ்வொரு விசையையும் ‘இது இதன்மீது செலுத்துவது’ என முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். எழுவாய் கிடைக்காத விசையைப் படத்திலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஒரு பிள்ளைக்கு இயற்பியல் வரவில்லையென்றால், அப்போது பேசுவோம்.