‘கிடைக்கவில்லை’ என்பது ‘இல்லை’ ஆகிவிடுமா?

செயற்கை நுண்ணறிவு இப்போது பதில் சொல்வதோடு நிற்பதில்லை. நமக்காகத் தகவல் தேடி, தேவையான கருவிகளைத் தானே இயக்கி, வேலையை முடித்துத் தரும் ‘முகவர்’களாகவும் அது செயல்படுகிறது. இத்தகைய முகவர்கள் தகவல் தேடும் இடங்களில் ஒன்று விக்கித்தரவு. 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில் இன்று 10 கோடிக்கும் அதிகமான பதிவுகள் உள்ளன. யார் வேண்டுமானாலும் அவற்றைப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

இங்குள்ள தகவல்கள் கட்டுரைகளாக இல்லை. ஒன்றோடொன்று இணைந்த சிறு சிறு கூற்றுகளாக உள்ளன. ‘தமிழ் முரசு, தொடங்கிய ஆண்டு, 1935’ என்பது ஒரு கூற்று. ‘தமிழ் முரசு, மொழி, தமிழ்’ என்பது இன்னொன்று. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தமிழ்மொழியின் எண் கியூ5885, சிங்கப்பூரின் எண் கியூ334. இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு ஒரு தகவலிலிருந்து அடுத்ததற்குச் செல்லலாம். இதையே இணைப்புத் தரவு என்கிறோம். இதில் கேள்வி கேட்பதற்கு ‘ஸ்பார்க்கிள்’ என்ற தனி வினவல் மொழி இருக்கிறது.

முகவருக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லித் தருவது எது? கருவியை உருவாக்கியவர் எழுதும் விளக்கக் குறிப்புதான். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், சில வரி விளக்கம், உள்ளீட்டின் வடிவம் ஆகியவை முகவரிடம் தரப்படுகின்றன. நமக்குப் புரியாவிட்டால் நண்பரைக் கேட்போம், நூலகரை நாடுவோம். முகவர் பெரும்பாலும் அந்தச் சில வரிகளை நம்பியே முடிவெடுக்கிறது.

அந்தக் குறிப்புகளில் கருவியை எப்படி இயக்குவது என்று சொன்னால் மட்டும் போதாது. பதில் வெறுமையாக வந்தால் அதற்கு என்ன பொருள் என்பதையும் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

வெறுமைக்குப் பல காரணங்கள் உண்டு. அந்தத் தகவலை யாரும் இன்னும் பதியாமல் இருக்கலாம். பதிவு இருந்தும் அதற்குத் தமிழ்ப் பெயர் சேர்க்கப்படாமல் இருக்கலாம். பெயரின் எழுத்து மாறியிருக்கலாம். தமிழ் முரசை நிறுவிய கோ. சாரங்கபாணியையே எடுத்துக்கொள்வோம். தமிழில் ‘கோ’ என்னும் தலைப்பெழுத்து ஆங்கிலத்தில் ‘ஜி’ ஆகிறது. பெயரின் இறுதி எழுத்தைச் சிலர் ‘ஐ’ என்றும் சிலர் ‘ஒய்’ என்றும் எழுதுகிறார்கள். எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும் என்று கேட்கும் வினவலுக்கு இவை எல்லாம் வெவ்வேறு பெயர்கள்.

தேடும் இடமே மாறியிருக்கவும் கூடும். 2025ஆம் ஆண்டு விக்கித்தரவின் வினவல் சேவை இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஆய்வுக் கட்டுரைகளின் பதிவுகள் தனிச் சேவைக்கு மாற்றப்பட்டன. பழைய குறிப்பை நம்பும் முகவர் பழைய இடத்திலேயே தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். இன்னொன்று, ஒரு வினவல் 60 வினாடிகளைத் தாண்டினால் சேவை அதை நிறுத்திவிடும். அங்கே தேடலே முடியவில்லை. இத்தனை காரணங்களையும் முகவர் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் ஒருவரைப் பற்றித் திட்டப்பணி செய்யும் உயர்நிலைப்பள்ளி மாணவர் அதை நம்பிவிடுவார். நூலக அலமாரியில் புத்தகமாக இருப்பவர் அந்த மாணவரைப் பொறுத்தவரை இல்லாதவர் ஆகிவிடுவார்.

செயற்கை நுண்ணறிவு நாளுக்கு நாள் கூர்மையாகிறது, குறிப்பெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். எத்தனை அறிவாளியாக இருந்தாலும், சொல்லாமல் இடம் மாற்றி வைத்த பொருளை முதல் முயற்சியிலேயே எடுத்துவிட முடியாது. குறிப்பு நீண்டால் முகவரின் கவனம் சிதறும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் நான் கேட்பது நான்கே வரிகள்: ‘தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயரைத் தேடு. வேறு எழுத்துக்கூட்டல்களையும் முயன்று பார். நேரம் முடிந்து நின்றிருந்தால் அதைத் தெரிவி. எதுவும் கிடைக்காவிட்டால், இல்லை என்று சொல்லாதே. இந்தத் தளத்தில் பதிவு கிடைக்கவில்லை என்று சொல்.’

இந்த நான்கு வரிகளை எழுத இருமொழிக் கல்வி பெற்ற இளையர்கள் மிகப் பொருத்தமானவர்கள். ஒரே பெயர் இரு மொழிகளில் எப்படி உருமாறும் என்பது நமக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினித் துறையில் பயில்பவர்கள் தாங்கள் உருவாக்கும் கருவிகளைத் தமிழ்ப் பெயர்களைக் கொண்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவர்கள் விக்கித்தரவில் விடுபட்ட தமிழ்ப் பெயர்களைச் சேர்க்கலாம். அதற்குத் தமிழும் பொறுமையும் போதும்.

திட்டப்பணிகளை மதிப்பிடும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிரலுக்குத் தருவதுபோல் விளக்கக் குறிப்புக்கும் உரிய மதிப்பெண் தாருங்கள். மதிப்பெண் இல்லாத வேலையை மாணவர்கள் கடைசி இரவில்தான் தொடுவார்கள். அந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது கருவியால் எது முடியாது என்று சொல்லும் வரிதான்.