உறைக்குள் விற்கப்படும் ஏமாற்றம்

2024ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளன்று, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில், 11 வயதுச் சிறுவன் ஒருவன் பேஸ்பால் படச்சீட்டு உறையொன்றைப் பிரித்தான். பிட்ஸ்பர்க் அணியின் இளம் பந்தெறியாளர் பால் ஸ்கீன்ஸ் தம் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் சிறு துண்டு பதிக்கப்பெற்று, அவருடைய கையொப்பமும் இடப்பெற்ற சீட்டு அதனுள் இருந்தது. உலகில் அப்படி ஒரு சீட்டே உண்டு. அதைத் தந்தால் 30 ஆண்டுகளுக்கு ஆட்டம் காண இருக்கைகள் தருவதாக அவ்வணி அறிவித்தது. குடும்பத்தார் இசையவில்லை. 2025 மார்ச்சில் அச்சீட்டு ஏலத்தில் 11 இலட்சத்து 10 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று.

செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. அச்சிறுவனின் நற்பேறு கண்டு நமக்கும் பொறாமையில்லை. ஆனால் ஒரு கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதே நாளில், அதே சீட்டை நினைத்து, அதே ஆவலோடு உறை பிரித்த மற்றச் சிறுவர்களின் செய்தி எங்கே? அவர்கள் கையில் எஞ்சியது என்ன? ஒருவனுடைய வெற்றி முதற்பக்கத்தில் வருகிறது. மற்றவர்களுடைய வெறுங்கை குப்பைக்கூடைக்குப் போகிறது. ஊரறிந்த அந்த ஒரு வெற்றி, வணிகனுக்குக் காசில்லாமல் கிடைத்த விளம்பரம்.

'டிரேடிங் கார்டு' என வழங்கும் இப்படச்சீட்டுகள் பிறந்த இடமே ஐயத்துக்குரியது. சிகரெட் பெட்டி நசுங்காதிருக்க வைத்த அட்டையில் விளையாட்டு வீரர்களின் படத்தை அச்சிட்டுப் புகையிலை வணிகர்கள் விற்பனையைப் பெருக்கினர். 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் படமும் இருந்தது. தம் படத்துக்காகச் சிறுவர் புகையிலை வாங்கக் கூடாதென அவர் மறுத்ததால் அச்சீட்டு நின்றுபோனது என்பர். ஊதியத் தகராறே காரணம் என்பாரும் உளர். எவ்வாறாயினும், எஞ்சிய சில பத்துச் சீட்டுகளுள் ஒன்று 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது.

புகையிலைக்குப் பின் மிட்டாய் வந்தது. டாப்ஸ் நிறுவனம் சூயிங்கத்தோடு படச்சீட்டுகளைச் சேர்த்துச் சிறுவர்க்கு விற்றது. 1952இல் அது வெளியிட்ட வரிசையின் பிற்பகுதி விலைபோகவில்லை. விற்காத பெட்டிகளைப் பின்னர்ப் படகிலேற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அவ்வரிசையை உருவாக்கிய சை பெர்கரே கூறியிருக்கிறார். அதே வரிசையைச் சேர்ந்த மிக்கி மேண்டில் சீட்டொன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 இலட்சம் டாலருக்கு ஏலம்போனது! வணிகன் கடலில் கொட்டியதாலும், தாய்மார் பழைய தாளென்று எறிந்ததாலும் ஏற்பட்ட அருமை அது.

இந்த உண்மையை மறந்த மக்கள் 1980களின் பிற்பகுதியில் வெறிகொண்டு சீட்டுகளை வாங்கிச் சேமித்தனர். பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு இதுவே முதலீடு என்று நம்பிய பெற்றோரும் உண்டு. எல்லாரும் சேமிக்கும் பொருள் எப்படி அரிதாகும்? நிறுவனங்களோ இரவும் பகலும் அச்சடித்துக் குவித்தன. 1990களில் சந்தை சரிந்தது. அக்காலச் சீட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை இன்றும் அட்டைப்பெட்டி நிறைய, வாங்குவாரின்றிக் கிடக்கின்றன. அந்தக் காலத்துக்கே 'குப்பைச் சீட்டுக் காலம்' என்று சேகரிப்போர் பெயரிட்டுவிட்டனர்.

அச்சரிவிலிருந்து வணிகர்கள் ஒரு பாடம் கற்றனர். அருமை தானாக விளையக் காத்திருக்க வேண்டியதில்லை. அதையும் அச்சகத்திலேயே செய்துவிடலாம். ஆயிரக்கணக்கில் சாதாரணச் சீட்டுகளை அச்சிட்டு, அவற்றிடையே நூறே நூறு, பத்தே பத்து, ஒன்றே ஒன்று என எண்ணிட்ட சீட்டுகளை ஒளித்து வைத்தனர். இத்தனை உறைக்கு ஒன்று என்ற விகிதத்தை உறையின் மீதே அச்சிட்டனர். பரிசுச் சீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை இனி நுண்ணாடி கொண்டுதான் தேட வேண்டும்.

அந்த விகிதம் எப்படி மனிதனை மயக்குகிறது என்று பாருங்கள். '24 உறைக்கு ஒன்று' என்று எழுதியிருந்தால், 24 உறை வாங்கினால் ஒன்று உறுதி என்று நம் உள்ளம் கணக்கிடுகிறது. உறைகள் கலந்து விற்கப்படும்போது உண்மைக் கணக்கு வேறு. 24 உறைகள் வாங்கும் 100 பேரில் ஏறத்தாழ 36 பேருக்கு அச்சீட்டு ஒன்றுகூடக் கிட்டாது. இது 24க்கு ஒன்றின் நிலை. ஆயிரத்துக்கு ஒன்று, இலட்சத்துக்கு ஒன்று என்னும்போது ஏமாறுவோர் தொகையை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். இன்னாருக்கு ஏமாற்றம் என்று தெரியாதே தவிர, எத்தனை பேருக்கு ஏமாற்றம் என்பது அச்சகத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவேதான் சொல்கிறோம்: உறைக்குள் முதன்மையாக விற்கப்படும் சரக்கு ஏமாற்றமே.

இதைச் சூதாட்டமென்று வாதிட்டு அமெரிக்கப் பெற்றோரும் சேகரிப்போரும் 1990களில் நீதிமன்றம் ஏறினர். 2002இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைத் திருப்பியனுப்பியது. வாங்கியவர் தாம் பேரம் பேசிய உறையைப் பெற்றுவிட்டார். அரிய சீட்டு கிட்டாத ஏமாற்றம் சொத்துக்கு நேர்ந்த சேதம் ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அந்தச் சட்டத்தின் எழுத்துப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால், சொத்துக்குச் சேதமில்லை என்ற தீர்ப்பு, மனத்துக்குச் சேதமில்லை என்ற சான்றிதழ் ஆகிவிடுமா?

பெல்ஜிய நாடு வேறு வழியில் சிந்தித்தது. கணினித் திரையில் கால்பந்து வீரர்களின் சீட்டுகளை மூடிய உறையாக விற்பது சூதாட்டமே என்று அந்நாட்டு ஆணையம் 2018இல் கண்டது. மறு ஆண்டே அந்நாட்டில் அதற்குப் பணம் வாங்குவதை விளையாட்டு நிறுவனம் நிறுத்திக்கொண்டது. திரையில் சூதாவது தாளில் மட்டும் எப்படிப் பொழுதுபோக்காகும்?

இஸ்லாமிய வாணிபநெறி அறிந்தோர்க்கு இது புதுச் செய்தியன்று. அறியாமைக் காலத்து அரபியர் துணியை விரித்துப் பாராமல், தொட்டவுடன் விலை முடிந்ததாகக் கொள்ளும் ஒரு வழக்கம் வைத்திருந்தனர். அதற்கு முலாமஸா என்று பெயர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். வாங்குவது இன்னதென்றே அறியாத வாணிபத்தைப் பொதுவாகவே விலக்கினார்கள். 'மூடி விற்பதெல்லாம் தவறா? பிஸ்கட்டும் உறையில்தானே வருகிறது?' என்று கேட்பார் உண்டு. பிஸ்கட் உறைக்குள் பிஸ்கட் இருப்பது இருவருக்கும் தெரியும். இங்கே தெரியாமையைக் காட்டியே விலை கேட்கிறார்கள். உறையைக் கண்ணாடித் தாளில் செய்தால் இவ்வணிகம் ஒரு நாளும் நில்லாது.

மைஸிர் என்னும் பழஞ்சூதையும் எண்ணிப் பாருங்கள். ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பர். ஏழு அம்புகளுக்குப் பங்குண்டு, மூன்றுக்கு ஒன்றுமில்லை. வெறும் அம்பு பெற்றவர் விலையைச் சுமப்பர். வென்றவர் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவது வழக்கமாம். அந்தச் சூதே விலக்கப்பட்டது. பத்தில் மூன்று வெறுமையாயிருந்ததே விலக்குக்குரியதாயின், ஏறத்தாழ எல்லாமே வெறுமையாயிருக்கும் இதை என்னென்பது? இதில் எந்த ஏழையின் அடுப்பு எரிந்தது?

'பிடிக்காத சீட்டை விற்றுவிடலாமே' என்பர் சிலர். விற்றுப் பார்த்தவர்களைக் கேளுங்கள். சாதாரணச் சீட்டு அஞ்சற்செலவுக்கும் தேறாது. நல்ல சீட்டு என்றாலோ தரச்சான்று பெற வேண்டும். 1 முதல் 10 வரை மதிப்பெண் இடும் நிறுவனங்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். மூலை சற்றே மழுங்கி 10 கிட்டாது போனால் விலை பல மடங்கு இறங்கும். உறை பிரித்தது முதற்சூது. சான்றுக்கு அனுப்புவது இரண்டாம் சூது. 2021இல் குவிந்த சீட்டுகளைச் சமாளிக்க முடியாமல் பி.எஸ்.ஏ. நிறுவனம் தன் பெரும்பாலான சேவைகளை நிறுத்தி வைத்ததென்றால் இம்மயக்கத்தின் அளவு விளங்கும். அதே ஆண்டு மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு கடை வாசலில் சீட்டுகளுக்காக அடிதடி நேர்ந்து, துப்பாக்கியும் நீட்டப்பட்டது. டார்கெட் கடைகள் இச்சீட்டுகளின் நேரடி விற்பனையைச் சில காலம் நிறுத்தின. சிறுவரின் விளையாட்டென்று இன்னும் சொல்வீர்களா?

இப்போது உறையைத் தாமே பிரிக்கவும் தேவையில்லை. பெட்டி முழுவதையும் ஒருவர் ஒளிப்படக்கருவி முன் பிரிப்பார். பணம் கட்டியவர்கள் ஆளுக்கோர் அணியைப் பெற்றுக்கொண்டு, தொலைவிலிருந்து பார்த்திருப்பார்கள். தம் அணியின் சீட்டு வராதவருக்குத் தாள்கூடக் கையில் மிஞ்சாது.

அயல்நாட்டுச் சங்கதி நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஐ.பி.எல். வீரர்களின் 'கிரிக்கெட் அட்டாக்ஸ்' உறைகளை அதே டாப்ஸ் நிறுவனம் நம் நாட்டிலும் விற்றது. கடல் கடந்து வாழும் நம் குடும்பங்களின் பிள்ளைகளோ அந்தக் கடைத்தெருவின் நடுவிலேயே வளர்கிறார்கள். பெருநாள் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு, 'இன்னும் ஒன்று பிரித்தால் கிடைத்துவிடும்' என்ற எண்ணத்தை முதன்முதலாக ஊட்டுவது இந்த உறைதான். உழைப்புக்கும் பலனுக்கும் உள்ள உறவை நாம் பல ஆண்டுகள் சொல்லிக் கொடுக்கிறோம். உறை ஒரு நொடியில் அதை அறுத்துவிடுகிறது.

பிள்ளையின் ஆசையை அடியோடு மறுக்கச் சொல்லவில்லை. தான் விரும்பும் வீரரின் படம் வேண்டுமாயின், அந்த ஒரு சீட்டையே கண்ணால் கண்டு, விலை பேசி வாங்கட்டும். தனிச்சீட்டு விற்போர் எங்கும் உளர். தொகுப்பை நிறைவு செய்ய விரும்புவோர்க்கும் வழியுண்டு. இத்தாலியப் பனினி நிறுவனத்தின் படத்தொகுப்புகளில் விடுபட்ட படங்களை எண் குறிப்பிட்டு நேரடியாகவே வாங்கலாம். அதில் சேகரிப்பின் இன்பம் குறைந்துபோவதில்லை. குறைவது வணிகனின் கொள்ளை இலாபம் ஒன்றே.

பெற்றோரே! அடுத்த முறை உங்கள் பிள்ளை உறையை நீட்டி 'இதை வாங்கித் தாருங்கள்' என்று கேட்கும்போது, 'இதற்குள் என்ன இருக்கிறது?' என்று திரும்பக் கேளுங்கள். 'தெரியாது' என்று பிள்ளை சொல்லும். தெரியாத பொருளுக்கு நம் வீட்டில் விலை கொடுப்பதில்லை என்று அன்போடு சொல்லி, அதன் கைபிடித்து அழைத்து வாருங்கள்.