வால்வு அப்புறம், முதல்ல ஊசி

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை மக்கா. தீசிஸ் ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு எழுத வச்சது ரெண்டு தனிமடல். ரெண்டு பேரும் கேட்டது ஒரே கேள்வி: "முதல்முதலா இசைத்தட்டு, வால்வு ஆம்ப்ளிஃபயர்னு வீட்ல ஒரு செட்டு போடலாம்னு இருக்கேன். இ.எல்.84 நல்லதா, இ.எல்.34 நல்லதா?"

ரெண்டும் நல்லதுதான். ஆனா கேள்விதான் தப்பு. முதல் காசை ஊசிக்குப் போடுங்க. வால்வு எங்கயும் ஓடிப்போயிடாது. பெரிய மேதாவி மாதிரி சொல்லலை, பட்டுட்டுச் சொல்றேன்.

போன வருஷம் ஹம்ல பழைய சாமான் சந்தையில ஒரு டூவல் சி.எஸ். 505 டர்ன்டேபிள் 60 யூரோவுக்குக் கிடைச்சுது. பிளாக் ஃபாரஸ்ட்ல சாங்க்ட் கியோர்கன்ங்கிற ஊர்ல இருந்த கம்பெனியோட சரக்கு. பெல்ட் மாத்தினதும் சமர்த்தா சுத்துச்சு. ஊசியைப் பாத்தேன், இருந்துச்சு. அவ்வளவுதான் பாத்தேன்! அப்புறம் 280 யூரோவுக்கு ஒரு இ.எல்.84 கிட். மூணு வாரக்கடைசி உக்காந்து ஈயம் பத்த வச்சேன். ரூம்ல லைட்டை அணைச்சா ரெண்டு வால்வும் கருவறை விளக்கு மாதிரி மினுங்கும். ஃபோட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பி அலப்பறை பண்ணியாச்சு.

போட்ட முதல் தட்டு, ஊர்லேர்ந்து பொட்டியில சட்டைக்கு நடுவுல வச்சுக் கொண்டுவந்த 45 வேக இ.பி. 'கொஞ்சும் சலங்கை' (1962). ஜானகி குரலும் காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரமும். தாத்தா வாங்கினது, உறையில அவர் கையெழுத்து இருக்கு. எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். காருகுறிச்சியார்னா வீட்டு ஆள் மாதிரி.

நாதஸ்வரம் கொஞ்சம் கரகரன்னு கேட்டுச்சு. "ஓ, வால்வோட கதகதப்பு இதுதான் போல"ன்னு நெனச்சு ஒரு வாரம் தினமும் போட்டு ரசிச்சேன். (சிரிக்காதீங்க ப்ளீஸ்.)

அந்த வாரக்கடைசி ஊன்ட்ராப்ல காமாட்சி அம்மன் கோயில் தேர்த்திருவிழா. 2002ல குடமுழுக்கு நடந்த கோயில். ஈழத்துச் சொந்தங்கள் கட்டிக் காப்பாத்துறாங்க. தேருக்கு முன்னாடி நாதஸ்வரக்காரர்கிட்ட நாலடி தள்ளி நின்னு கேட்டேன். காதைப் பொளக்குற சத்தம், ஆனா ஒரு பொட்டு கரகரப்பு இல்ல. தங்கக்கம்பி மாதிரி நீளுது. அப்பத்தான் வயித்துல புளி கரைச்சுது.

அப்பவும் புத்தி வரல. வீட்டுக்கு வந்து வால்வைச் சந்தேகப்பட்டு 40 யூரோவுக்குப் புது ஜோடி வாங்கி மாத்தினேன். ஒரு மாத்தமும் இல்ல. கடைசியா ஊசியை லேப் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தா, உருண்டையா இருக்கவேண்டிய வைர முனை ரெண்டு பக்கமும் பட்டையா தேய்ஞ்சு, உளி மாதிரி நிக்குது. போதாக்குறைக்கு 1.5 கிராம் பாரம் வைக்கவேண்டிய இடத்துல நான் வச்சிருந்தது மூணரை கிராம். ஆக, ஒரு வாரமா நான் பாட்டுக் கேக்கலை, தாத்தா தட்டைச் செதுக்கிட்டு இருந்திருக்கேன்.

புது ஊசி 30 யூரோ. மாத்திப் போட்டேன். மத்த தட்டெல்லாம் சுத்தமா பாடுது. அந்தப் பாட்டுல மட்டும் கரகரப்பு போகலை. இனி போகவும் போகாது. வரியோட சுவர்லயே வெட்டு விழுந்தாச்சு.

அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அப்புறம், "ஏலே, முப்பது வருசம் நான் வச்சிருந்தப்ப ரெண்டு கீறல்தாம்ல விழுந்துச்சு" அப்படின்னார். திட்டியிருந்தாக்கூட பரவாயில்ல.

இதனாலதான் சொல்றேன். ஆம்ப்ளிஃபயர் சரியில்லைன்னா சத்தம் மோசமா இருக்கும், மாத்திக்கலாம். ஸ்பீக்கரும் அப்படித்தான். மொத்த செட்டுலயும் தட்டைத் தொடுற ஒரே பொருள் ஊசிதான், அது தப்பா இருந்தா தட்டே போயிடும். வால்வு ஸ்லோவாக்கியாவுல இன்னிக்கும் புதுசா செய்றாங்க. தாத்தா கையெழுத்துப் போட்ட தட்டை எந்த நாட்டுல செய்வாங்க?

எமிலி பெர்லினர் பிறந்த ஹனோவர் இங்கேர்ந்து ரயில்ல சுமார் ஒன்றரை மணி நேரம். வட்டத்தட்டு கிராமபோனுக்கு 1887ல காப்புரிமை எடுத்த மனுஷன். 1902ல கல்கத்தாவுல பதிவு பண்ணின பாட்டெல்லாம் ஹனோவர்லதான் தட்டா அழுத்தப்பட்டு, கப்பலேறி நம்மூருக்குப் போச்சு. இந்தியாவுல தொழிற்சாலை வந்ததே 1908ல. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு தட்டைத் திருப்பி ஜெர்மனிக்குக் கொண்டுவந்து கெடுத்த பெருமை அடியேனுக்கு.

சரி, புதுசா செட்டு போடுறவங்களுக்கு என் வரிசை:

1. டர்ன்டேபிள் பழசா இருக்கலாம், ஊசி புதுசா இருக்கணும். வைர ஊசிக்கே ஆயுசு சில நூறு மணியிலேர்ந்து ஆயிரம் மணி வரைதான். பழைய ஊசி எத்தனை மணி ஓடுச்சுன்னு விக்கிறவருக்கே தெரியாது.

2. பாரம் அளக்க ஒரு குட்டித் தராசு. கூடினாலும் தப்பு, குறைஞ்சாலும் தப்பு. குறைஞ்சா ஊசி வரிக்குள்ள துள்ளும்.

3. ஃபோனோ ஸ்டேஜ். காட்ரிட்ஜ் தர்றது 5 மில்லிவோல்ட் சுமாருக்குத்தான். அதுவும் தட்டுல பேஸைக் குறைச்சு, ட்ரெபிளைக் கூட்டி வெட்டியிருப்பாங்க. அதை நேராக்குறது இதோட வேலை.

4. ஸ்பீக்கர். ஒத்தை இ.எல்.84 அஞ்சு வாட் தந்தா அதிகம். 90 டெசிபல் ஸ்பீக்கர் ஒரு வாட்ல தர்ற சத்தத்துக்கு 84 டெசிபல் ஸ்பீக்கர் நாலு வாட் கேக்கும்.

5. கடைசியா வால்வு. அதோட இனிமைன்னு சொல்றது பெரும்பாலும் இரண்டாவது ஹார்மோனிக் சேர்றதுதான். சுத்தமான சத்தம் இல்ல, இதமான கலப்படம். எனக்குப் பிடிச்சிருக்கு, மறைக்கலை :-) ஆனா உள்ள 300 வோல்ட் ஓடுது. ஸ்விட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல மின்சாரம் நிக்கும். அளந்து பாக்காம கைய விடாதீங்க.

பி.கு: அந்த இ.பி.யோட பின்பக்கத்தை நல்லவேளை நான் போடவே இல்லை. புது ஊசி வச்சும் இன்னும் போடலை. அடுத்த லீவுல அப்பா இங்க வர்றார். பாரத்தை அவரே அளந்து பாத்து, அவர் கையாலேயே போடட்டும்.