பாக்கி தீர்ந்தாலும் பழி தீரவில்லை

கல்வராயன் மலையில் மரவள்ளி நட்டால் காசைக் கண்ணில் பார்க்க ஒன்பது, பத்து மாதம் ஆகும். குழுக் கடனுக்கோ வாராவாரம் டியூ கட்ட வேண்டும். கிழங்கு மலையிறங்கி சேகோ ஆலைக்குப் போய்ப் பணம் வரும்வரை, கூலி வேலைதான் அந்தத் தவணையைத் தாங்க வேண்டும். மழை பெய்து வேலை நின்றாலோ, வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலோ தவணை தவறிவிடுகிறது.

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. மலையில் வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டு என்றாலும் சரி, கீழே சங்கராபுரம், சின்னசேலம் என்றாலும் சரி, மக்கள் தாலியை அடகு வைத்தாவது பாக்கியை அடைத்துவிடவே பார்க்கிறார்கள். அடைத்த பிறகும் வங்கிக்குப் போனால், “உங்க சிபில் சரியில்லம்மா” என்ற ஒற்றை வரியோடு திருப்பி அனுப்பப்படுவதுதான் பிரச்னை. ஏன் சரியில்லை, எந்தக் கடன், யாரிடம் போய்ச் சரிசெய்வது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

இரண்டாயிரம் ரூபாயின் விலை

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பெண் குழுவில் 40,000 ரூபாய் வாங்கினார். கடைசி 6,000 ரூபாய் நின்றுபோனது. மாதங்கள் கழித்து வசூலுக்கு வந்தவர், “4,000 கட்டிடுங்க, முடிச்சிடலாம்” என்கிறார். 2,000 மிச்சம் என்று அந்தப் பெண்ணும் சந்தோஷமாகக் கட்டுகிறார். அவரைப் பொறுத்தவரை கடன் முடிந்தது. ஆனால் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்தின் பதிவில் அது ‘முடிந்த கடன்’ என்று ஏறாது. ‘செட்டில்டு’, அதாவது முழுதாகக் கட்டாமல் பேசித் தீர்த்த கடன் என்றுதான் ஏறும். இனி அவர் கடன் கேட்டுப் போகும் ஒவ்வொரு வங்கியும் அந்தச் சொல்லைத்தான் முதலில் பார்க்கும். இத்தகவல்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. மிச்சமான 2,000 ரூபாய்க்கு அவர் கொடுக்கும் விலை அதுதான். பணம் வாங்கும்போது இதை அவரிடம் யாரும் சொல்வதில்லை.

அந்த நிறுவனம் தரும் கடன் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தால் விஷயம் புரியும். ஒவ்வொரு கடனுக்குக் கீழும் மாதத்துக்கு ஒரு கட்டம். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000. தவணை முப்பது நாள் தள்ளிப்போனால் 030, அறுபது நாளானால் 060. இப்படிக் கட்டம் கட்டமாக ஒரு குடும்பத்தின் கஷ்ட காலம் அதில் பதிந்திருக்கும். இவற்றை வைத்துத்தான் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண் போடுகிறார்கள். நாம் ‘சிபில்’ என்று சொன்னாலும் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஒன்றில் திருத்திய தவறு இன்னொன்றில் அப்படியே நிற்கலாம்.

வங்கிக் கடனோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 2025 மே மாதம், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்பவர்களின் சிபில் அறிக்கையையும் பார்க்க வேண்டும் என்று கூட்டுறவுத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. விவசாயிகள் கொதித்தெழுந்த பிறகு, வேறு எங்காவது கடன் இருக்கிறதா என்று அறியத்தான் என அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. அடுத்த மாதமே, கடன் வரலாறு சரியில்லை என்று ஒருவரின் பணி நியமனத்தை பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மலையிலிருந்து படித்து இறங்கும் முதல் தலைமுறைப் பிள்ளை, தவணையில் வாங்கிய ஒரு செல்போன் பாக்கிக்காக வேலையை இழக்கும் நிலை வரலாம் என்பதை இங்குள்ள பெற்றோர் எத்தனை பேர் அறிவார்கள்?

விதிகள் உண்டு, மலையேறவில்லை

ரிசர்வ் வங்கி விதிகள் போடாமல் இல்லை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கான குழுக் கடன்களுக்கு 2022 மார்ச் மாதம் தெளிவான உத்தரவு வந்தது. மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொது இடத்தில்தான் வசூல். அங்கே தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. மிரட்டுவதும், அசிங்கமாகப் பேசுவதும், உறவினரைத் தொல்லை செய்வதும் கூடாது. தவணைகளைக் குறிக்கும் கடன் அட்டை, கடன் வாங்கியவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கட்டிய ஒவ்வொரு தவணைக்கும், கடைசியில் கடன் முழுதாகத் தீர்ந்ததற்கும் அந்த அட்டையிலேயே ஒப்புகை தர வேண்டும்.

தவணை தவறிய தகவலைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும்போது வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்பது 2023 அக்டோபரில் வந்த உத்தரவு. சிக்னலுக்காக மேட்டில் ஏறி நிற்க வேண்டிய குக்கிராமத்தில் அந்தச் செய்தி யாருக்குப் போய்ச் சேரும்? வேலைக்கு வெளியூர் போய் சிம் மாற்றிய குடும்பத்துக்கு அது வந்ததே தெரியாது. கட்டணமில்லாமல் அறிக்கை எடுக்கலாம் என்கிறார்கள். அதற்கும் அதே செல்போன் எண்ணுக்கு ஓ.டி.பி. வர வேண்டும்.

இப்போதே செய்ய வேண்டியவை

தனிமனிதர் செய்யக்கூடியவை சில உண்டு. முதலில் அறிக்கையை எடுங்கள். நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்களுடையது அல்லாத கடனோ, கட்டி முடித்தும் பாக்கி காட்டும் கடனோ இருந்தால் கடன் கொடுத்த நிறுவனத்திடமோ கடன் தகவல் நிறுவனத்திடமோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. இது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

பாக்கி உண்மையிலேயே இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே எவ்வளவு கட்டினால் கணக்கு முழுதாக முடியும் என்பதை நிறுவனத்தின் தாளில் எழுதி வாங்குங்கள். முடிந்தவரை முழுத் தொகையையும் கட்டுங்கள். வசூலுக்கு வருபவர் கையில் ரசீதில்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். கட்டியதும் ‘நோ டியூ’ சான்றை வாங்கி, ரேஷன் கார்டைப் போலப் பத்திரமாக வையுங்கள். வங்கி தன் கணக்கிலிருந்து ஒரு கடனை நீக்கிவிட்டால் அது தள்ளுபடி ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். கடன் அப்படியேதான் இருக்கும். ‘ஒரே வாரத்தில் சிபிலை ஏற்றித் தருகிறோம்’ என்று காசு கேட்பவர்களை நம்பவே வேண்டாம். உண்மையான பதிவை எவராலும் அழிக்க முடியாது. தொடர்ந்து ஒழுங்காகக் கட்டி வந்தால்தான் மதிப்பெண் ஏறும்.

நிறுவனம் 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே விவரம் கேட்கலாம்.

ஆட்சியரிடம் கேட்பது

ஆனால் இதையெல்லாம் வெள்ளிமலையில் இருக்கும் ஒரு கூலிப் பெண்ணின் தலையில் மட்டும் கட்டுவது நியாயம் அல்ல. 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிறந்தபோது, அலுவலகம் பக்கத்தில் வந்தால் குறை தீரும் என்றுதான் மக்கள் நம்பினார்கள். 2024ல் கல்வராயன் மலை மக்களின் நிலையை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்த பிறகு, சாலையைப் போலவே கடன் நியாயமும் அங்கே ஏறியாக வேண்டும்.

மாவட்டத்தில் உள்ள வங்கியாளர்கள் கூடும் ஆலோசனைக் குழுவுக்கு ஆட்சியர்தான் தலைவர். புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அந்தக் கூட்டத்தில் நான்கு முடிவுகள் எடுத்தால் போதும்.

ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெள்ளிமலையிலும் கச்சிராயபாளையத்திலும் கடன் குறைதீர் முகாம். முன்னோடி வங்கி மேலாளர், கடன் நிறுவனங்களின் அதிகாரிகள், இ-சேவை ஊழியர் என எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அறிக்கையை அச்சிட்டுத் தமிழில் விளக்கி, அங்கேயே திருத்த மனு பதிய வேண்டும்.

இரண்டு, வசூல் நேரம், இடம், புகார் எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பலகை ஒவ்வொரு குழுக் கூட்டம் நடக்கும் இடத்திலும், ஊராட்சி அலுவலகத்திலும்.

மூன்று, பாக்கியைக் குறைத்து வாங்கும்போது அது எப்படிப் பதிவாகும் என்பதைச் சொல்லி, கையெழுத்து வாங்கிய பிறகே பணம் பெற வேண்டும்.

நான்கு, மரவள்ளியும் சாமையும் விளையும் மலைக்கு வாரத் தவணை பொருந்தாது. அறுவடைக்கு ஏற்ற தவணையில் கடன் தர மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூடுதல் நிதி வேண்டும்; முன்பு கடனே வாங்காதவர் என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பக் கூடாது. முதல்முறை கடன் கேட்பவருக்குக் குறைந்தபட்ச சிபில் மதிப்பெண் கட்டாயம் இல்லை என்று 2025ல் மத்திய நிதித் துறையே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு மலையிலிருந்து இறங்கி வருபவர்களின் மனுக்களில் இந்தக் கோரிக்கையும் இனி இருக்கட்டும். மகளிர் குழுக்கள் தங்கள் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்திட்டு அனுப்பட்டும். பாக்கியை அடைத்தவர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். அவர்கள் பேரில் நிற்கும் பழியைத் துடைக்க வேண்டியவர்கள் கடன் கொடுத்த நிறுவனங்களும் அவற்றைக் கண்காணிக்கும் அதிகாரிகளும்தான். முதல் முகாமின் தேதியை மாவட்ட நிர்வாகம் அறிவிக்கட்டும்.