பாடும் பிள்ளைகள் படிக்கவும் வேண்டும்

ஆண்டுக் கடைசி நெருங்கும்போது பலமனேர், சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் திருச்சபைகளில் பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கீத ஆராதனைக்கு ஒரு நாள், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்கு ஒரு நாள், வாலிபர் சங்கத்தாரின் கலை நிகழ்ச்சிக்கு ஒரு நாள் என்று அந்தந்தச் சபை தன் வசதிக்கேற்ப ஏற்பாடு செய்துகொள்கிறது. தமிழ்க் குடும்பங்களும் தெலுங்குக் குடும்பங்களும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொள்ளும் இரவு அது. இதைக் கிறிஸ்தவர்களின் சொந்த விஷயம் என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடலாகாது. வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழர் அனைவருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது.

எச்சரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறோம். மேடையில் நிற்கும் பிள்ளை தமிழ்ப் பாட்டை இனிமையாகத்தான் பாடுகிறது. அதன் கையிலுள்ள தாளை வாங்கிப் பார்த்தால், தமிழ்ச் சொற்கள் தெலுங்கு எழுத்தில் இருக்கின்றன. சில தாள்களில் ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. இன்றைய தெலுங்கு எழுத்து வரிசையில் ழகரம் இல்லை. ஆகவே தாளில் ‘வாழ்த்து’ என்பது ‘வாள்த்து’ ஆகிறது. நாளடைவில் பிள்ளையின் நாவிலும் அப்படியே ஆகிவிடுகிறது. வீட்டில் தமிழ் பேசி, கோவிலில் தமிழ் பாடி வளரும் பிள்ளைக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியவில்லை. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகையைப் படித்துச் சொல்ல, அப்பா ஷிப்டு முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பலமனேர் தமிழுக்குப் புதிய ஊர் அல்ல. 1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்படும்வரை அது வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் சென்றது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது; பலமனேர் ஆந்திரத்திலேயே நின்றது. எனவே இங்கே இருவகைத் தமிழர் இருக்கிறார்கள். ஒருவகையினர் வேலை தேடி எல்லை தாண்டி வந்தவர்கள். மற்றொரு வகையினர் வீட்டை விட்டு ஓரடியும் நகராதவர்கள். எல்லைதான் அவர்களைத் தாண்டிச் சென்றது.

இவ்வூர்த் திருச்சபையின் பழைய வரலாறும் இருமொழி வரலாறே. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் அமைத்த ஆர்க்காடு மிஷனின் நிலையங்களில் பலமனேரும் ஒன்று. வேலூர், ஆரணிப் பக்கம் தமிழிலும், மதனப்பள்ளிப் பக்கம் தெலுங்கிலும் அந்த ஒரே மிஷன் ஊழியம் செய்தது. பின்னர் 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி பல சபைகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை ஆயின. வேறு வேறு வழிபாட்டு முறைகளைக் கொண்டவர்களே ஒன்றாக அமர முடிந்தது என்றால், இரண்டு மொழிக்காரர்கள் ஒரு மேடையில் நிற்பது பெரிய காரியமில்லை.

ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் கமிட்டிக் கூட்டங்களில் இரண்டு பேச்சுகள் எழுகின்றன. “நம் நிகழ்ச்சியைத் தனியாக வைத்துக்கொள்வோம்” என்று சில தமிழ்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். “பிள்ளைகள் படிப்பது தெலுங்கும் ஆங்கிலமும், தமிழ்ப் பாட்டு எதற்கு?” என்று தமிழ்ப் பெற்றோரிலேயே சிலர் கேட்கிறார்கள். இந்த இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. முதல் யோசனை அண்டை வீட்டாரை அந்நியராக்கும். இரண்டாவது யோசனை நம் பிள்ளைகளையே நமக்கு அந்நியராக்கும்.

இசை வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் இந்த இரு தரப்பாருக்கும் பதில் கிடைக்கும். தியாகராஜர் தம் தெலுங்குக் கீர்த்தனைகளைப் பாடியது காவிரிக் கரையில், திருவையாற்றில். அவர் காலத்திலேயே தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், மராட்டிய மன்னர் சரபோஜியுடன் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஒன்றாகப் பயின்றவர். குறத்தி குறி சொல்லும் நாட்டு நாடக வடிவத்தை எடுத்து அவர் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடினார். தெலுங்கில் புருஷோத்தம சௌதரி அதே நூற்றாண்டில் பாடி வைத்தவற்றைத் தெலுங்குச் சபைகள் இன்றும் பாடுகின்றன. சித்த வைத்தியராக இருந்த ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தஞ்சையில் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார். அவற்றில் பல சமயத்து வித்துவான்களும் கூடி ராகங்களையும் சுருதிகளையும் ஆராய்ந்தார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பலமனேருக்கு அண்டை ஊர் புங்கனூர். அங்கே பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாட்டுக் கற்று, 1954-இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார். இந்த மண்ணில் பிறந்த குரல் காஞ்சிபுரத்தில் பாடம் கேட்கப் போயிற்று. அவரைத் தமிழ்நாடு தலைமேல் வைத்துக் கொண்டாடியது. அவர் பெயரிலேயே சித்தூரும் சேர்ந்திருக்கிறது.

இனி நிகழ்ச்சி நடக்கும் விதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஆர்மோனியத்துக்கு ஒருவர், டோலக்குக்கு ஒருவர், கஞ்சிராவுக்கு ஒருவர் என்று சபையிலிருந்தும் தெருவிலிருந்தும் ஆள் சேருவார்கள். டோலக் வாசிப்பவர் எந்தக் கோவிலுக்குப் போகிறவர் என்று யாரும் கேட்டதில்லை. இப்போதோ பல இடங்களில் செல்போனில் இறக்கிய இசையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதன் மேல் பிள்ளைகள் வாயசைக்கிறார்கள். வசதியுள்ள சபைகள் வெளியூரிலிருந்து வாத்தியக் குழுவை வாடகைக்கு அழைக்கின்றன. நிகழ்ச்சி பளபளப்பாக இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஊரார் அங்கே வெறும் பார்வையாளராகிவிடுகிறார்கள். ஆறு வாரம் ஒன்றாக உட்கார்ந்து சுருதி சேர்க்கும்போதுதான் ரெட்டிவாரி வீட்டுப் பையனும் நம் வீட்டுப் பையனும் சிநேகிதர்களாகிறார்கள். அந்தப் பயிற்சி நாட்களை வாடகைக்கு எடுக்க முடியாது.

ஆகவே சபைப் பெரியவர்களுக்கும் பெற்றோருக்கும் சில யோசனைகளைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவதாக, பயிற்சியை ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரத்தில் இரண்டு மாலை கூடினால் 12 மாலைகள் கிடைக்கும். ஒவ்வொரு மாலையிலும் முதல் அரை மணி நேரத்தைத் தமிழ் எழுத்துக்கு ஒதுக்குங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மற்றவை இவற்றின் சேர்க்கை. பிள்ளைக்கு மனப்பாடமாகத் தெரிந்த பாட்டையே முதல் பாடப் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். வாயில் இருக்கும் சொல்லைத் தாளில் தேடிக் கண்டுபிடிக்கும் பிள்ளை எழுத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இதற்குத் தமிழ்ப் பண்டிதர் வேண்டியதில்லை. பத்தாவது வரை தமிழில் படித்த ஒரு குமாஸ்தாவோ, ஒரு தாயாரோ போதும்.

இரண்டாவதாக, பாட்டுத் தாளை இரு எழுத்திலும் அச்சிடுங்கள். தெலுங்குப் பிள்ளைகள் ஒரு தமிழ்க் கீர்த்தனையையும், தமிழ்ப் பிள்ளைகள் ஒரு தெலுங்குக் கீர்த்தனையையும் அதன் பொருள் தெரிந்து பாடட்டும். தமிழர் பாதி, தெலுங்கர் பாதி என்று இரவை இரண்டாக வெட்டினால், ஒரு பாதி முடிந்ததும் கூட்டத்தில் பாதி எழுந்து வீட்டுக்குப் போய்விடும். வில்லுப்பாட்டும் புர்ரகதையும் ஒரே மேடையில் ஏறட்டும்.

மூன்றாவதாக, இவ்வூர்க் கலைக்கும் அந்த இரவில் இடம் கொடுங்கள். பலமனேரின் சுடுமண் கலைப் பொருள்கள் பெயர் பெற்றவை. அப்படியிருக்கக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஏன் பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கி வைக்க வேண்டும்? மேய்ப்பரும் ஆட்டுக்குட்டியும் உள்ளூர்க் குயவர் கையால் உருவாகட்டும். பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். வாடகை வாத்தியக் குழுவுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழியில் கற்பிக்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 1956-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அந்த உரிமையைக் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். மனுக்கள் போய்க்கொண்டேயிருக்க வேண்டும். ஆனால் மனுவுக்குப் பதில் வரும்வரை பிள்ளையின் வயது காத்திருக்காது. இன்று ஏழு வயதுப் பிள்ளை, அடுத்த பண்டிகைக்கு எட்டு வயதாகிவிடும்.

இந்த யோசனை திருச்சபைகளுக்கு மட்டும் உரியதன்று. பஜனை மடங்களும், தமிழ்ச் சங்கங்களும், பொங்கல் விழாக் குழுக்களும் இதே முறையைக் கையாளலாம். ஊர் கூடிப் பாடும் இடமெல்லாம் எழுத்துக் கற்பிக்கும் இடமாகலாம். வரும் பண்டிகையில் உங்கள் பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வந்ததும், அதன் கையிலுள்ள தாளை வாங்கிப் பாருங்கள். அதில் தமிழ் எழுத்து இல்லையென்றால், அடுத்த ஆண்டுக்கான வேலையை மறுநாளே தொடங்கிவிடுங்கள்.