இலைப் பாவாடையும் நூறு மத்தளமும்

பள்ளி ஆண்டு விழாவில் 'பழங்குடி நடனம்' என்று ஒரு ஐட்டம் இருக்கும். ஆசிரியராக இருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அசோகமர இலை கோத்த பாவாடை, முகம் முழுக்கக் கரி, அதன்மேல் வெள்ளைப் பொட்டு, கையில் அட்டை ஈட்டி, மேடை நடுவில் சிவப்புக் காகிதத்தில் ஒரு தீ. ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு. கடைசியில் எல்லாரும் 'ஹூ ஹூ' என்று கத்திக்கொண்டு வட்டமாக ஓட வேண்டும். கைத்தட்டல் அள்ளும். என் சர்வீஸில் பத்துப் பன்னிரண்டு முறையாவது நானே சொல்லிக்கொடுத்து மேடையேற்றியிருக்கிறேன்.

ஒரு வருடம் ஏழாம் வகுப்பில் ஜவ்வாது மலைப் பையன் ஒருவன் இருந்தான். விடுதியில் தங்கிப் படித்தவன். 'நீ மலைக்காரன்தானே, நீ முன்னாடி நில்லு' என்று அவனை முதல் வரிசையில் நிறுத்தினேன். பெருமைப்படுத்துவதாக நினைப்பு எனக்கு. ஒத்திகையில் மெல்லச் சொன்னான்: 'டீச்சர், எங்க மலையில யாரும் இப்பிடி எல கட்டிக்கினு ஆடமாட்டாங்க.' நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'சும்மா இருடா, இது டான்ஸ்தானே.' அவன் ஆடினான். பரிசும் வாங்கினோம். அதற்கப்புறம் அந்த விஷயத்தை நான் மறந்தே போனேன்.

போன நவம்பரில் மேகாலயாவுக்குப் போனபோதுதான் அது திரும்ப வந்தது.

காரோ மலையில் நவம்பர் இரண்டாம் வாரம் வங்காலா நடக்கும். அறுவடைத் திருவிழா. குவாஹாட்டியில் இறங்கி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போனால் துரா. அதை ஒட்டிய அசனாங்கில்தான் நூறு மத்தள விழா. முதுகுவலிக்காரர்கள் பாதி வழியில் ஒரு ராத்திரி தங்கிப் போவது நல்லது. நான் தங்கவில்லை, அனுபவித்தேன்.

காரோ மக்கள் தங்களை ஆச்சிக் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மலைச்சரிவில் காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, மழைக்கு முன் விதைக்கும் ஜூம் சாகுபடி அவர்களுடையது. ஒரே வயலில் நெல், சோளம், மிளகாய், பூசணி, பருத்தி எல்லாம் கலந்து வரும். நெல்லைத் தந்தவர் மிசி சால்ஜோங் என்ற தெய்வம், சூரியனோடு சேர்த்து எண்ணப்படுகிறவர். அறுவடை முடிந்ததும் அவருக்கு நன்றி சொல்லி, விருந்து வைத்து, வழியனுப்ப வேண்டும். முதல் நாள் நோக்மா என்ற ஊர்த்தலைவர் வீட்டில், அரிசியைப் புளிக்கவைத்துச் செய்த மதுவை ஊற்றிப் படைப்பது ருகாலா. அடுத்து சாம்பிராணி போட்டுப் புகை காட்டும் சடங்கு. ஆட்டம் இதற்கெல்லாம் பிறகுதான். புது அரிசி, சூரியன், படையல் என்று கேட்டதும் எனக்கு எங்கள் வாசல் பொங்கல் பானைதான் நினைவுக்கு வந்தது. உங்களுக்கும் வரும்.

இன்னொன்று. அங்கே குலமும் சொத்தும் தாய்வழி. வீடு ஒரு மகளுக்குப் போகும், பெரும்பாலும் கடைசி மகளுக்கு. நோக்மா என்று பெயர் அவருக்கு இருந்தாலும் நிலத்தின் உரிமை அவர் மனைவியின் குலத்துக்கு. 'நாகரிகம் இல்லாதவர்கள்' என்று நாம் கரி பூசிக் காட்டுகிறோமே, அவர்கள் சமாச்சாரம் இது. நம் ஊரில் மகளுக்குச் சொத்தில் பங்கு கொடுக்க எத்தனை வீட்டில் எத்தனை சண்டை!

ஆட்டத்துக்கு வருகிறேன். பத்துக் குழு, குழுவுக்குப் பத்து மத்தளம், முப்பது பேர். அந்த மத்தளத்துக்கு தாமா என்று பெயர். நடுவில் பருத்து இரு முனையும் குறுகிய நீளமான மத்தளம். கழுத்தில் மாட்டிக்கொண்டு இரு கையாலும் அடிக்கிறார்கள். எருமைக்கொம்பு ஊதுகிறார்கள். ஆண்கள் தலைப்பாகையில் சேவல் இறகு. பெண்கள் தக்மந்தா என்ற நெய்த துணியைக் கணுக்கால் வரை கட்டி, கழுத்தில் அடுக்கடுக்காக மணிமாலை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை.

நான் துள்ளலை எதிர்பார்த்துப் போயிருந்தேன். துள்ளலே இல்லை. பாதத்தைத் தரையோடு தேய்த்தாற்போல் சின்னச் சின்ன அடி. முந்நூறு பேர், ஒரே அடி. யாரும் யாரையும் முந்தவில்லை. இரண்டு பெண்கள் புறாக்கள் ஒன்றையொன்று கொத்துவதுபோல் ஆடுவது ஒரு வகை. ஒருவர் இடுப்பில் கயிற்றைக் கட்டி, அதில் ஒரு பம்ப்ளிமாஸ் பழத்தைத் தொங்கவிட்டு, கையால் தொடாமல் இடுப்பை அசைத்தே சுழலவைப்பது இன்னொரு வகை. சும்மா செய்து பாருங்கள், தெரியும். அது வருடக்கணக்கான பயிற்சி. 'காட்டுவாசிகள் உணர்ச்சிவசப்பட்டுக் குதிப்பார்கள்' என்பது சினிமா சொன்ன கதை. அதை நம்பி, நான் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

எங்களோடு வந்த ஒரு சென்னைக்காரர் சலித்துக்கொண்டே இருந்தார். 'இது ஒரிஜினல் இல்ல மேடம். மேடை, மைக், மந்திரி. பாருங்க, வாட்ச் கட்டிக்கிட்டு ஆடறான். உள்ள கிராமத்துக்குப் போனாத்தான் நெஜம்.' இந்தப் பேச்சை நிறையப் பேர் பேசுகிறார்கள், எனக்கு இதில் உடன்பாடில்லை. நூறு மத்தள விழா 1976இல் தொடங்கியது. தொடங்கியதற்குக் காரணமே, இந்த ஆட்டம் கிராமங்களில் மங்கிக்கொண்டிருந்ததுதான். 1860களில் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன் அங்கே வந்தது. இன்று காரோ மக்களில் மிகப் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். சோங்சாரெக் என்ற பழைய சமயத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். சடங்கு செய்யும் பூசாரிகளும் அந்த அளவுக்குக் குறைவு. அந்த நிலையில் மத்தளமாவது மிஞ்சட்டும் என்று அவர்களே கூடிப் போட்ட மேடை அது. பரதநாட்டியம் 1930களில் கோயிலையும் கச்சேரி வீடுகளையும் விட்டு சபா மேடைக்கு வந்தது. டிசம்பரில் அகாடமியில் உட்கார்ந்து யாராவது 'இது ஒரிஜினல் இல்லை' என்கிறோமா? நமக்கு மாறுகிற உரிமை உண்டு, அவர்களுக்கு மட்டும் கிடையாதா? வாட்ச் கட்டாமல், செல்போன் இல்லாமல், நாம் போகிற அன்றைக்கு வசதியாக ஆதிகாலத்தில் நிற்க வேண்டுமா?

எனக்கு வந்த கவலை வேறு. விழாவில் அந்த ஊர்க்காரரான ஒரு பள்ளி ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆசிரியர் என்றதும் பேச்சு ஒட்டிக்கொண்டது. அவர் அம்மா காலத்தில் மலைச்சரிவில் நெல் விதைத்தார்களாம். இப்போது அதே சரிவில் முந்திரியும் பாக்கும். அரிசி கடையில் வாங்குகிறார்கள். காரோ மலையில் பல இடங்களில் இப்படித்தான் ஆகியிருக்கிறது. தோட்டப்பயிரில் கையில் காசு வருகிறது, பிள்ளைகளைப் படிக்கவைக்க முடிகிறது, அதைத் தப்பென்று சொல்ல நான் யார்? 'நெல்லே விதைக்காமல் நெல்லுக்கு நன்றி சொல்லி ஆடுவது உங்களுக்குச் சங்கடமாக இல்லையா?' என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் கோபிக்கவில்லை. 'நீங்கள் பொங்கலுக்கு அரிசி எங்கே வாங்குகிறீர்கள்?' என்றார்.

ரேஷன் கடையில். வேறென்ன சொல்ல?

இப்போது வேலையில் இருக்கிற ஆசிரியர் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு விழாவுக்குப் பட்டியல் போடும்போது அந்த இலைப் பாவாடை ஐட்டத்தை எடுத்துவிடுங்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் தாத்தா பாட்டியைக் கேலிச்சித்திரமாக நடித்துக் காட்டி, அதற்கு நாம் கோப்பை கொடுக்கிறோம். மலைப்பிள்ளைகள் ஆட்டம் வேண்டுமென்றால் ஜவ்வாது மலை, கொல்லிமலை, நீலகிரி என்று நம் பக்கத்திலேயே ஆடத்தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். போக்குவரத்துச் செலவும் மரியாதையான சன்மானமும் கொடுத்து அழையுங்கள். அவர்கள் சொல்லிக்கொடுக்கட்டும், நாம் ஓரமாக நிற்போம். பட்ஜெட் இல்லை என்பீர்கள். கரிக்கும் ஒப்பனைக்கும் வாடகை உடைக்கும் எங்கிருந்து வந்தது?

ஊர் திரும்பியதும் அந்தப் பழைய மாணவரின் நம்பரைத் தேடிப் பிடித்தேன். மலையிலேயே இருக்கிறார், சாமை போடுகிறார், இரண்டு பிள்ளைகள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். 'அதெல்லாம் எப்பவோ டீச்சர்' என்று சிரித்தார். மறந்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, கவனித்தேன். வங்காலா வீடியோ ஒன்றை வாட்ஸப்பில் அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது.

'நல்லா துணி கட்டியிருக்காங்க டீச்சர்.'